சூடத்துக்கு இங்கிலீஷ் தெரியாது

நான் முதலில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை 'பெதெட்டிக்'. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை சொல்லிக்கொடுத்ததை நான் இதில் சேர்க்கவில்லை. அவையெல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் வந்து, பரீட்சை முடிந்ததும் போய்விட்ட வார்த்தைகள். இது வந்ததோடு சரி, போகவே இல்லை.

அன்றைக்கு ஹாலில் என் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய கல்யாண ப்ளவுசுக்கோ கை இணைத்துக்கொண்டிருந்தேன். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி, சோபாவில் சாய்ந்துகொண்டு தன் புருஷனிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு என்னைப் பற்றித்தான். பெயர் சொல்லவில்லை, 'ஷி, ஷி' என்றாள். ஷி என்றால் அவள் என்பது எனக்கும் தெரியும். ஹாலில் இருந்த பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான், தன்னைத்தானே யாரும் ஷி என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பேச்சின் முடிவில் 'பெதெட்டிக்' என்றாள். கொழுந்தன் என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிறகு தமிழுக்கு வந்து, வேலை ஜாஸ்தியா அண்ணி என்று கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டும் என்றோ, வயதான காலத்தில் அறிவை வளர்க்க வேண்டும் என்றோ இல்லை. என்னை என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்.

எங்கள் வீடு திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை, மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிப் போவது அவர் வேலை. கொழுந்தன் திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறான். ஓரகத்தி மெட்ராசில் கான்வென்ட்டில் படித்தவள், கல்யாணமாகி வந்ததும் இங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையல் கட்டுக்கும் நடுவில் கதவு கிடையாது. அவர்கள் இருவருக்கும் இங்கிலீஷ்தான் கதவு. ரகசியம் பேச வேண்டுமென்றால் எழுந்துகூடப் போக மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே சாத்திக்கொள்வார்கள்.

நான் சின்ன வயசிலிருந்தே பேச்சு வராத ஆள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அளவு கொடுக்க வருகிற பெண்களிடம்கூட, இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

'பெதெட்டிக்' என்ற அந்த வார்த்தையை அன்று சாயங்காலம் வரை வாயிலேயே அடக்கி வைத்திருந்தேன். உலை வைக்கும்போது, கஞ்சி வடிக்கும்போது, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். துணி எடுக்க மாடிக்குப் போனபோது போனையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுத்து தெரியாத வார்த்தையை எப்படித் தேடுவது? என் மகள் போனிடம் வாயால் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மைக் படத்தை அழுத்திவிட்டு, தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னேன். போனிடம் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் ஏதோ ஊர்ப் பெயர் வந்தது. பிறகு ஒரு மருந்து. கொஞ்சம் சத்தமாகச் சொன்ன பிறகுதான் சரியாக வந்தது. பரிதாபத்துக்குரிய, கேவலமான என்று தமிழில் இருந்தது.

கோட்டையிலிருந்து இறங்கி வந்த ஒரு குரங்கு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இங்கிலீஷ் பேசி முதலில் கேட்டது அதுதான். அதன்மேல் ஒரு குச்சியை வீசினேன்.

என் மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஆசை வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி, பக்கெட், சீப்பு என்று எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினாள். போனில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே குட் மார்னிங் சொல்லிக்கொடுக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினாள். ஒன்றும் என் தலையில் நிற்கவில்லை. காகிதம் உரிந்து விழுவதற்கு முன்னாலேயே வார்த்தை விழுந்துவிடும். ஆனால் ஓரகத்தி வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த ஒரு வார்த்தைகூட விழவில்லை. சொன்னது யார், அப்போது நான் என்ன வேலையில் இருந்தேன், அடுப்பில் என்ன கொதித்தது, எல்லாவற்றோடும் சேர்ந்து அது பதிந்துவிடும். எழுதி வைக்கப் பயம், யார் கண்ணிலாவது பட்டுவிடும். அதனால் என் வேலையிலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன்.

ப்ளவுஸ் தைத்து முடித்ததும் கடைசி வேலை ஊக்கு வைப்பது. மெஷினில் ஆகாது, கையால்தான் வைக்க வேண்டும். ஊக்குக்கு ஒரு வார்த்தை என்று வைத்துக்கொண்டேன். கழுத்துக்குக் கீழே முதல் ஊக்கு 'பெதெட்டிக்'. அதற்கு அடுத்தது 'கேர்லெஸ்', பால் பொங்கி வழிந்த அன்று சொன்னது. அதற்கும் கீழே 'அன்ஹைஜீனிக்'. நான் பின்கட்டில் மீன் அலசுவதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னது. அந்த மீன் குழம்பை அன்றைக்கு இரண்டாம் தடவையும் ஊற்றிச் சாப்பிட்டாள். அப்புறம் 'ஸ்டபர்ன்', அப்புறம் 'இக்னோர்'. ஊசி உள்ளே போகும்போது வார்த்தை, வெளியே வரும்போது அர்த்தம். நூலை முடிந்து பல்லால் கடிக்கும்போது அவள் முகம். அடுத்த ப்ளவுசில் மறுபடியும் முதலிலிருந்து. செஞ்சியில் எத்தனையோ பெண்கள் என் கோபத்தை மார்பில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய் வந்தார்கள். அவளுடைய ப்ளவுசுகளும் நான் தைத்தவைதான். அவற்றில் மட்டும் ஊக்குகளை இரட்டை நூலில் வைப்பேன்.

மகள் சில சமயம் கேட்பாள், ஸ்டபர்ன் என்கிற வார்த்தையெல்லாம் உனக்கு எங்கேம்மா கிடைக்கிறது என்று. டிவியில் என்பேன்.

இப்படிச் சேர்ந்த இங்கிலீஷ் ஒரு மாதிரியான இங்கிலீஷ். ஒருவரை மட்டம் தட்டுவதற்கு உள்ள வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும். பாராட்ட ஒன்று கேட்டால் முழிப்பேன். சுண்டைக்காய்க்கு இங்கிலீஷில் என்ன பெயரோ, இன்றைக்கும் தெரியாது.

'கன்வின்ஸ்' என்ற வார்த்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெஷின் சத்தம் தலைவலியாக இருக்கிறது என்று ஓரகத்தி ஒருநாள் கொழுந்தனிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் யோசித்துவிட்டு, அண்ணனை கன்வின்ஸ் பண்ணுகிறேன் என்றான். மறுநாள் என் வீட்டுக்காரர் வந்து, "மெஷின பின்னால தாழ்வாரத்துல போட்டுக்கோயேன், உனக்கும் காத்து வரும்" என்றார். காற்று வரவில்லை, தகரக் கூரையிலிருந்து வெயில்தான் இறங்கியது. அன்று மாடிக்குப் போய்ப் போனில் பார்த்தேன். பேசிப் பேசி ஒருவர் மனதை நம் பக்கம் இழுப்பதற்குத்தான் கன்வின்ஸ் என்று பெயர். என் வீட்டுக்காரரை இழுக்கக் கயிறே தேவையில்லை. தம்பி படித்தவன், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்பார். எந்தக் காரியமானாலும் கடைசியாகப் பேசியவர் பக்கம்தான் அவர். அந்த வார்த்தைக்கு வயிற்றுக்கு மேலே வருகிற கடைசி ஊக்கைக் கொடுத்தேன். இழுத்துப் பிடிக்கிற ஊக்கு அதுதான்.

போன வருஷம் ஓரகத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. என் மகள் அதைக் கீழே விடமாட்டாள். அவள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. பாண்டியில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலும் கிடைத்தது. என் வீட்டுக்காரரும் சரி என்றார். ஒரு வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், தவறினால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் சமையல் கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அங்கேயே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எப்போதும்போலக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லீவு முடிகிறது, பள்ளிக்குத் திரும்ப வேண்டும், குழந்தையை யார் பார்ப்பது என்று அவள் ஆரம்பித்தாள். அவன் என்னைக் காட்டினான். அவள் வேண்டாம் என்றாள். அதில் 'ஸ்லாங்' என்று ஒரு வார்த்தை வந்தது. அது எனக்கு முன்பே தெரிந்ததுதான். நான் 'இன்னா' என்று சொல்வதைத்தான் அப்படிச் சொல்வாள். தன் பிள்ளை என்னைப்போலப் பேசி வளரக்கூடாதாம். பிறகு என் மகள் பெயரைச் சொன்னாள். குழந்தை அவளோடு நன்றாக இருக்கிறது, அவளுக்கு இங்கிலீஷும் சுமாராக வருகிறது, நர்சிங்குக்கு நெக்ஸ்ட் இயர் போகட்டும். கொழுந்தன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஐ வில் கன்வின்ஸ் ஹிம். ஆஃப்டர் மொட்டை."

கீரைக்காம்பு என் கையில் ஒடிந்தது. மற்ற எந்த வார்த்தையை நான் விட்டிருந்தாலும் கன்வின்ஸை விட்டிருக்க மாட்டேன். மொட்டை என்பது குழந்தைக்கு. செவ்வாய்க்கிழமை அமாவாசை அன்று மேல்மலையனூரில் எங்கள் குலதெய்வம் அங்காளம்மனுக்கு மொட்டை போடுவதாக இருந்தது. நல்ல காரியம் முடிகிற வரை சண்டை வேண்டாம், முடிந்ததும் அண்ணனிடம் ஹாஸ்டல் பாதுகாப்பில்லை, அது இது என்று பேசினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அதுதான் கணக்கு. ஓரகத்தி எழுந்து வந்து என் முறத்தில் இருந்த கீரையைப் பார்த்து, "இன்னிக்கு முருங்கைக்கீரையாக்கா? சூப்பர்" என்றாள். ஆமாம்மா என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நேராகத் தம்பியிடம் போய்க் கேட்பார். அவன் சிரிப்பான். அண்ணிக்கு என்ன இங்கிலீஷ் தெரியும், தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பான். கடைசியாகப் பேசியவன் அவனாக இருப்பான். மகளிடம் சொன்னாலும் அழுவாள், குழந்தை முகத்தைப் பார்த்து மனது மாறினாலும் மாறிவிடுவாள். வீட்டுக்காரர் மனதை யாரும் இழுக்க முடியாதபடி எதிலாவது கட்டிப்போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இல்லை என்கிறவர்கள் உண்டு. எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மாறினவரை நான் பார்த்ததில்லை. அதுவும் அங்காளம்மன் வாசலில்.

அன்றைக்கே கடையில் ஒரு பொட்டலம் சூடம் வாங்கினேன். மொட்டையன்று ஓரகத்தி உடுத்தப் போகிற பட்டுக்கு ப்ளவுஸ் அப்போது என் மடியில்தான் இருந்தது. அதற்கு ஊக்கு வைக்கும்போது வேறு எந்த வார்த்தையும் சொல்லவில்லை. எல்லா ஊக்குக்கும் கன்வின்ஸ், கன்வின்ஸ் என்றே வைத்தேன். தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து, கோயில் வாசலில் நான் சொல்ல வேண்டிய தமிழையும் மனப்பாடம் செய்தேன். இங்கிலீஷைவிட அது கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை குட்டியானையில் பாத்திரம் பண்டத்தோடு நாங்கள் போனோம். ஓரகத்தி வீட்டார் மெட்ராசிலிருந்து காரில் வந்திருந்தார்கள். அமாவாசைக் கூட்டம் காலையிலேயே நெரிந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவினார்கள். அது கத்தி ஓய்ந்து தூங்கிவிட்டது. பொங்கல் வைத்துப் படைத்து, எல்லோரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். தேங்காய் உடைக்கிற இடத்தில் நான் நின்றுவிட்டேன். மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். வீட்டுக்காரர் இன்னொரு தடவை கும்பிடப் போகிறேன் என்று நினைத்துக் கை கூப்பினார்.

அவள் வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று சூடத்தைப் பார்த்தே சொன்னேன்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பொண்ண பாண்டியில கொண்டுபோயி சேத்துடணும். யாரு வந்து இன்னா சொன்னாலும் மாறக்கூடாது. இத அணச்சி சொல்லுங்க."

"இன்னாடி இது. நாந்தான் சரின்னு சொல்லிட்டனே, இதுக்குப் போயி சூடமா?"

"சரின்னு சொன்னதத்தான் ஆத்தாகிட்ட சொல்லச் சொல்றேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முடியாது என்று சொல்ல எந்த ஆம்பளைக்கும் வாய் வராது. சொன்னால் மனதில் வேறு எண்ணம் இருக்கிறது என்றாகிவிடும். பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தான். இவர் செருப்பில்லாத காலை ஒன்று சேர்த்து நின்று, ஆத்தா மேல ஆணையா சேத்துடறேன் என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். புகை மட்டும் மேலே போனது.

எனக்குப் பின்னால் ஓரகத்தி கேட்டாள், "வாட் இஸ் ஷி டூயிங்?"

நான் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தேன். அந்த வீட்டில் பிறந்தவன், அவனுக்குத் தெரியும். முகம் செத்துப்போயிருந்தது. "இட்ஸ் ஓவர்" என்றான். என்ன ஓவர், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பேசு என்று அவள் இங்கிலீஷில் படபடத்தாள். அவன் அவளிடம் சொன்னான்: "யூ வோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."

அதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுமில்லை. தகரத்துக்குக் கீழே நான் வெந்த வெயிலெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் ஆறியது. வழியை மறித்துக்கொண்டு நிற்காதே என்று பின்னாலிருந்து யாரோ தள்ள, என் கையை விபூதித் தட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்படியும் அவன் அன்று சாயங்காலம் முயற்சி பண்ணினான். காலம் கெட்டுக் கிடக்குது, பொம்பளப் பிள்ளை என்று ஆரம்பித்ததுமே அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "சூடம் அணச்சிட்டண்டா. எங்கிட்ட பேசாத." முதல் தடவையாக அந்த வீட்டில் கடைசியாகப் பேசியது நான் என்று ஆனது. மகளை வியாழக்கிழமையே பாண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். குழந்தையை விட்டுப் போக அழுதாள். நான் அழவில்லை.

பள்ளி திறந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓரகத்தி தெருவில் ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணினாள். நாலு நாளில் அந்த அம்மா நின்றுவிட்டாள், இந்த வீட்டில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று. ஓரகத்தி லீவு கேட்டுப் பார்த்தாள், பள்ளியில் கொடுக்கவில்லை. ஒரு காலை நேரத்தில் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே தாழ்வாரத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்காக அவள் கதவைத் திறந்து வந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, நீங்களே அவனப் பாத்துக்கிறீங்களா?"

பாபின் நிறைகிற வரை நூலைச் சுற்றினேன். அவளுக்குப் பள்ளி வேன் வருகிற நேரம், தெருமுனையில் ஹாரன்கூடக் கேட்டது. பிறகு சொன்னேன், "இங்க வெயில் அடிக்குதும்மா, கொழந்தைக்கு ஆவாது. மெஷின ஹால்ல போட்டா பாத்துக்கறேன்."

கொழுந்தன்தான் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். சோபாவைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

இப்போது பகல் முழுக்கக் குழந்தை என்னிடம்தான். பெடல் சத்தம் கேட்டால்தான் தூங்குகிறது. அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பசித்தால் ஊட்டுகிறேன், அழுதால் தோளில் போட்டுக்கொள்கிறேன், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறேன். யாரிடமும் பேசாத நான் அவனிடம் பேசுகிறேன். இன்னாடா வேணும், இன்னாடா பாக்கற, தோ காக்கா, தோ கொரங்கு. போன மாதம் ஓரகத்தி பள்ளிவிட்டு வந்து கையை நீட்டி, ஹாய் பேபி, மம்மிக்கு ஒரு கிஸ் என்றாள். அவன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்து, ரொம்பத் தெளிவாக, "இன்னா?" என்றான்.

நான் ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

அன்று அவள் கொழுந்தனிடம் என் முன்னாலேயே புதிதாக ஒரு வார்த்தை சொன்னாள். அந்தக் கதவு எனக்குத் திறந்துதான் இருக்கிறதா என்று அவர்கள் இன்னும் தள்ளிப் பார்க்கவில்லை. 'ரிக்ரெட்'. மாடிக்குப் போய்ப் போனில் கேட்டேன். வருத்தப்படுவதாம். அதற்கும் ஒரு ஊக்கு கொடுத்தேன். எத்தனையோ வார்த்தைகளுக்கு அப்புறம் இதுதான் எனக்குப் பிடித்த வார்த்தை.

நான் எழுதுகிற இது அச்சாகி வந்தால் சோபாவுக்கு முன்னால் இருக்கிற மேஜையில் வைப்பேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், தலைப்பைத் தாண்ட மாட்டாள். கொழுந்தன் படிப்பான். படிக்கட்டும். இத்தனை வருஷம் சோபாவில் உட்கார்ந்து என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கட்டும். படித்துவிட்டு அவளிடம் சொல்லத்தான் வேண்டும். எந்த மொழியில் சொல்வான் என்றுதான் பார்க்கிறேன். நான் ஹாலில்தான் இருப்பேன், மெஷினில்.